முயல் தீனி தொடவில்லையா? நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்!

கோயம்புத்தூர், சத்தியமங்கலம் சாலையில் சரவணம்பட்டியைத் தாண்டும்போது காளப்பட்டி பிரிவு வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இங்கேதான் இருக்கிறது. ஆடு, கோழி, கறவை மாடு வளர்ப்போடு முயல் வளர்ப்புக்கும் இங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். அன்னூர், சூலூர், அவிநாசிப் பக்கத்து விவசாயிகளுக்குப் பழக்கமான இடம்தான்.

சோளக்காடாக இருந்த சரவணம்பட்டி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று சாலையின் இரண்டு பக்கமும் ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. முயலும் தோட்டத்துச் சாளையிலிருந்து மாடிவீட்டு பால்கனிக்கு இடம் மாறிவிட்டது. பண்ணையில் நூறு முயலில் ஒன்று போனால் அது கணக்கு நோட்டில் ஒரு வரி. வீட்டில் இருப்பதோ ஒன்றே ஒன்று. அதற்குக் குழந்தை பேர் வைத்திருக்கும். அது ஒருநாள் மூலையில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். ‘இன்னிக்கு என்னமோ சாப்பிடல, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விட்டால், மறுநாள் காலையில் கூண்டுக்குள் விறைத்துக் கிடக்கும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது நேற்றும் நன்றாக இருந்திருக்காது. நமக்குத்தான் தெரிந்திருக்காது.

நோயை மறைக்கும் பிராணி

நாயும் பூனையும் வேட்டையாடும் ஜாதி. வலித்தால் கத்தும், முனகும், நம்மிடம் வரும். முயல் வேட்டையாடப்படும் ஜாதி. கூட்டத்தில் சோர்ந்து நிற்பதுதான் நரிக்கும் பருந்துக்கும் முதலில் கண்ணில் படும். அதனால் வலியை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முயல் சோர்ந்துவிட்டால், நோய் பாதி தூரம் போய்விட்டது என்று அர்த்தம்.

அதனால் முயல் வைத்திருப்பவர்கள் தினமும் பார்க்க வேண்டியது அதன் முகத்தை அல்ல, புழுக்கையை. நல்ல முயலின் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், கையால் நசுக்கினால் புல்தூள் போல உதிரும். ஒரு நாளைக்கு நூறு, இருநூறு என்று போடும். அது சிறுத்துப்போனால், எண்ணிக்கை குறைந்தால், முடியால் கோத்த மணிமாலை போல வந்தால் அன்றைக்கே உஷாராக வேண்டும். காலையில் கூண்டைக் கூட்டும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று இந்த உலர்ந்த புழுக்கை. இன்னொன்று இரவிலும் விடியற்காலையிலும் வருகிற, திராட்சைக் கொத்து போல மெத்தென்று பளபளக்கும் கழிவு. இதை முயல் நேராக வாயை வைத்து எடுத்துத் தின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால், குடல்பையில் நுண்ணுயிர்கள் தயாரித்த புரதத்தையும் பி வைட்டமின்களையும் முயல் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி அதுதான். மாடு அசைபோடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்கக் கூடாது. இந்த மெத்தென்ற கழிவு தின்னப்படாமல் கூண்டில் நசுங்கிக் கிடந்தால் கவனியுங்கள். தீவனம் தப்பாக இருக்கலாம், முயல் குண்டாகி வாய் எட்டாமல் போயிருக்கலாம், முதுகிலோ பல்லிலோ வலி இருக்கலாம்.

குடல் நின்றுபோனால்...

வீட்டு முயல்களை அதிகமாகக் கொல்வது தொற்றுநோய் அல்ல, குடல் இயக்கம் நின்றுபோவதுதான். முயலின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஓட வைப்பது நார்ச்சத்து. நார் குறைந்தாலோ, தண்ணீர் குறைந்தாலோ, வலியோ பயமோ வந்தாலோ குடல் மெதுவாகும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும். நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வாயு சேரும். வயிறு வலிக்கும். வலியால் இன்னும் தீனி எடுக்காது. தீனி இறங்காததால் குடல் இன்னும் மெதுவாகும். இந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். முயலுக்கு வாந்தி எடுக்கும் திறனும் கிடையாது. உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும்.

12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர கேஸ். கூனிக்குறுகி உட்காரும். வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்துப் படுத்து எழும். பல்லை நறநறவென்று சத்தமாகக் கடிக்கும். தடவிக் கொடுக்கும்போது மெல்லப் பல்லை உரசுவது சுகத்தில் செய்வது. ஒதுங்கி உட்கார்ந்து சத்தமாகக் கடிப்பது வலி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவரிடம் கொண்டுபோகும் வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காதைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உடம்புச் சூடு இறங்குகிறது. ஆரோக்கியமான முயலின் வெப்பநிலை 101.5 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட். அது 100-க்குக் கீழே போவது ஆபத்து. பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். புது அருகம்புல், கொத்தமல்லித்தழை என்று வாசனையுள்ளதை மூக்கருகே காட்டிப் பாருங்கள். வயிறு பானை போல உப்பி, தட்டினால் ‘டம்டம்’ என்று கேட்டால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். அடைப்பு இருக்கும்போது திணிப்பது கெடுதல். உப்பல் இல்லையென்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை வாயின் பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லியாக, விழுங்க விட்டுக் கொடுக்கலாம். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். எண்ணெய், ஓமத்தண்ணீர், குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து எதுவும் வேண்டாம். மருத்துவர் தோலடியில் குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றி, வலிக்கும் குடல் இயக்கத்துக்கும் ஊசி போடுவார். நேரத்தோடு போனால் பிழைத்துக்கொள்ளும்.

‘மொசலுக்கெல்லாம் ஆசுபத்திரியாக்கும்?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். முயல் வாங்கிய விலையைவிட ஆட்டோ வாடகை கூடுதல்தான். ஆனால், ஒன்றைக் கூண்டில் அடைத்த பிறகு அதற்குத் தானாகப் போய் மருந்துப் புல் தேடித் தின்ன வழியில்லை.

கேரட் அல்ல, கொழுக்கட்டைப்புல்!

முயல் என்றதும் கேரட்டை நீட்டுவது கார்ட்டூன் சொல்லிக்கொடுத்த பாடம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரி கேரட் மூட்டை மூட்டையாக வருகிற ஊர் நம்முடையது. அதனால் கேரட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால், கேரட்டில் இருப்பது சர்க்கரை. வாரத்துக்கு இரண்டு மூன்று சின்னத் துண்டு போதும். கேரட்டின் தழையை வேண்டுமானால் தாராளமாகக் கொடுக்கலாம். பிஸ்கட், பிரட், சாதம், பொரி, மக்காச்சோளம், இதெல்லாம் குடலைக் கெடுப்பவை. முட்டைக்கோஸ் வாயு.

முயலின் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக, அதுவும் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் ‘திமோதி ஹே’ என்று வெளிநாட்டுப் புல்லை ஆன்லைனில் பாக்கெட் போட்டு வாங்குகிறார்கள். காங்கேயம், தாராபுரம், மூலனூர் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் தலைமுறை தலைமுறையாக விளைகிற கொழுக்கட்டைப்புல்லுக்கு என்ன குறை? பூ எடுக்கும் சமயத்தில் அறுத்து, நிழலும் வெயிலுமாக இரண்டு மூன்று நாள் புரட்டிக் காயவைத்து, பச்சை வாசனை போகாமல் கட்டிவைத்தால் முயலுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. ஆட்டுக்காரரிடம் சொல்லிவைத்தால் ஒரு முயலுக்கு ஒரு வருஷத்துக்கான புல்லை ஒரே தடவையில் வாங்கிவிடலாம். புல்லில் பூஞ்சணம் மட்டும் இருக்கக் கூடாது. பூஞ்சண நஞ்சை முயல் கொஞ்சமும் தாங்காது. மழையில் நனைந்த கடலைக்கொடி, பழைய கடலைப் பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம்.

பேரிலேயே முயல் இருக்கிற முயல்மசால், வேலிமசால் இரண்டும் நல்லவை. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குட்டிக்கும் சினை முயலுக்கும் கொடுக்கலாம். வயதான முயலுக்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர் போலக் குழம்பி, மூத்திரப்பையில் மணல் சேரும். சவுண்டலில் உள்ள மிமோசின் முடியைக் கொட்டவைக்கும். இளம் சோளப்பயிரில் சயனைடு ஆபத்து உண்டு. அது மாட்டுக்கே ஆகாது. ரோட்டோரம் தழை பறிப்பவர்கள் பார்த்தீனியம், உண்ணிச்செடி, அரளி, எருக்கு கலக்காமல் பார்க்க வேண்டும். உழவர் சந்தைக் கீரையானாலும் நன்றாக அலசிவிட்டுத்தான் போட வேண்டும். எப்போது மருந்து அடித்தது என்று நமக்குத் தெரியாது.

அடர்தீவனக் குச்சி உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் போதும். தட்டு நிறையக் கொட்டிவைத்தால் புல்லைத் தொடாது. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். சிலது பாட்டில் நிப்பிளில் குடிக்காது. அதற்குக் கனமான மண் சட்டி வையுங்கள்.

புல் தின்னாத முயலுக்குப் பல் தொல்லையும் வரும். முன்பல் வாரத்துக்கு சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப்பல்லும் அப்படித்தான். புல்லை அரைக்க அரைக்கத்தான் தேயும். தேயாவிட்டால் ஓரம் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். தீனிக்கு ஓடி வந்து, வாயில் எடுத்துவிட்டுக் கீழே போட்டால், தாடை ஈரமாக இருந்தால் பல்லைச் சந்தேகப்படுங்கள். நகவெட்டியால் நீங்களே வெட்ட வேண்டாம், பல் நீளவாக்கில் பிளந்துவிடும்.

மலை முயலைச் சமவெளிக்குக் கொண்டு வந்தால்...

வீட்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். பகலெல்லாம் மண்ணுக்குள் வளை தோண்டி இருந்த பிராணி. நம் நாட்டில் முயல் ஆராய்ச்சி நடக்கும் இடங்களைப் பாருங்கள். ஒன்று கொடைக்கானல் மலையில் மன்னவனூர், இன்னொன்று ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் அந்தக் குளிரில் செழிக்கின்றன. அதே இனத்தை மார்ச் மாதம் மேற்குப் பார்த்த பால்கனியில் வைத்தால் என்ன ஆகும்?

முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல வாயைத் திறந்து இரைத்துச் சூட்டை ஆற்றவும் பெரிதாக முடியாது. காதில் ஓடும் ரத்தம் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். கோவையில் கோடையில் 35-ஐத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் அதிகம். காது சிவந்து சுடும், மூக்கு நனைந்து வேகவேகமாக மூச்சு வாங்கும், கால் நீட்டிச் சரிந்து கிடக்கும். அப்போது நிழலுக்கு மாற்றி, ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் துடைத்து, மின்விசிறிக் காற்று படும்படி வைத்துக்கொண்டே மருத்துவரைத் தேடுங்கள். பதறிப்போய் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

வராமல் தடுப்பது சுலபம். கூரை மேல் தென்னங்கீற்று வேய்ந்து, பக்கவாட்டில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். உள்ளே காற்று ஓடட்டும். காற்று இல்லாமல் ஈரம் மட்டும் இருந்தால் புழுக்கம் கூடிக் கெடுதல்தான். தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டில் போட்டால் அதன் மேல் சாய்ந்துகொள்ளும். மண்பானையைப் படுக்கவைத்து மேலே மண் அணைத்து ஈரப்படுத்தினால் நாமே கட்டிக் கொடுத்த வளை அது. வெயில் காலத்தில் அடர்தீவனத்தை அந்தி சாய்ந்த பிறகு கொடுங்கள்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. பின்பக்கம் ஈரமும் கழிவுமாக ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆடி மாதச் சாரலில் தினம் ஒருமுறை வாலுக்குக் கீழே தூக்கிப் பார்ப்பது நல்லது. அழுக்கு என்று மொத்தமாகக் குளிப்பாட்டாதீர்கள். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தினால் போதும்.

பயமே நோய்

முயலுக்குப் பயம் வெறும் மனக்குறை அல்ல. பயந்தால் குடல் நிற்கும், எதிர்ப்பு சக்தி குறையும், திடீர் அதிர்ச்சியில் இதயம் நின்று செத்துப்போவதும் உண்டு. கூண்டுக்கு வெளியே நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், கடிக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் என்றால் பூனை, கீரி, சாரைப்பாம்பு. மாடிவீட்டில் என்றால் மிக்சி, குக்கர் விசில், பக்கத்தில் நடக்கும் கட்டட வேலை, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்குவது.

பின்னங்காலால் ‘தட்’டென்று தரையில் அடிப்பது அபாய எச்சரிக்கை. காதை முதுகோடு ஒட்டிவைத்துக் கண்ணைப் பிதுக்கி அசையாமல் இருப்பது சாதுவாக இருப்பது அல்ல, உறைந்துபோயிருப்பது. மல்லாக்கப் போட்டால் ‘தூங்குது’ என்று வீடியோ எடுக்கிறார்கள். அது தூக்கம் இல்லை, புலி வாயில் சிக்கியதாக நினைத்துச் செத்ததுபோலக் கிடப்பது. கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பது, தன் முடியைத் தானே பிடுங்குவது, திடீரென்று கடிப்பது எல்லாம் மன அழுத்தத்தின் அறிகுறிகள். பெட்டை முயல் மார்பு முடியைப் பிடுங்கி மூலையில் கூடு கட்டினால் அது சினையாக இருக்கலாம், பொய்ச்சினையாகவும் இருக்கலாம். பொய்ச்சினை பதினாறு, பதினெட்டு நாளில் தானாகத் தீரும். கூட்டைக் கலைக்காமல் விட்டுவிடுங்கள்.

ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்தாலே பாதிப் பயம் தீரும். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி போதும். ஒரே வாசல் என்றால் சிக்கிக்கொண்டதாகப் பதறும். கூண்டின் மூன்று பக்கம் மறைப்பு இருக்கட்டும். 4 அடிக்கு 2 அடிக்குக் குறையாத இடமும், தினம் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே ஓடவும் வேண்டும். கம்பித்தரையில் ஒரு பகுதிக்குப் பலகையோ சாக்கோ போடாவிட்டால் பின்னங்கால் குதிகால் புண்ணாகும். தீபாவளிக்கு முந்தின நாளே உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, பெட்டி நிறையப் புல் வைத்துவிடுங்கள். அன்று இரவு தின்றதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பாகத்துக்கு அடியில். பின்பாகம் தொங்கினால் எட்டி உதைக்கும். அந்த உதையில் அதன் முதுகெலும்பு அதற்கே ஒடிந்துவிடும். சின்னக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

சொறிக்கு வைத்தியம், உயிருக்கு ஆபத்து

மூக்கு நுனி, காது ஓரம், விரலிடுக்கில் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் சொறிப்பூச்சி. காதுக்குள் பழுப்பாக அடை அடையாக இருந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுப்பூச்சி. இரண்டையும் ஐவர்மெக்டின் மருந்தில் கட்டுப்படுத்தலாம். எடை பார்த்து, அளவு சொல்லி, மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். கூண்டையும் தீயில் வாட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இங்கேதான் பலர் முயலைப் பறிகொடுக்கிறார்கள். நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம். நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கு அடிக்கிற அதே மருந்துதான் அது. அதேபோல, வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பைச் சளிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, கழிச்சலில் செத்துப்போகும். மாட்டுக்கு நல்லது, குழந்தைக்கு நல்லது என்பதெல்லாம் முயல் விஷயத்தில் செல்லாது.

குட்டி வாங்குபவர்கள் 8 வாரம் நிறைந்ததைக் கேட்டு வாங்குங்கள். கையில் அடங்குகிற அழகுக்காக மூன்று, நான்கு வாரத்துக் குட்டியை வாங்கினால், பால் மறந்த அதிர்ச்சியும் இடம் மாறிய பயமும் சேர்ந்து ரத்தக்கழிச்சல் நோயில் கொண்டுபோய் விடும். புழுக்கையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே அந்த நோய் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. தரை உலர்ந்திருப்பதுதான் தடுப்பு.

காட்டில் கிடைத்தது என்று யாராவது குட்டி கொடுத்தால் வாங்காதீர்கள். நம் காட்டு முயல் வேறு இனம். அது கண் திறந்து, முடியோடு பிறக்கும். வீட்டு முயல் குட்டி கண் மூடி, வெற்றுடம்போடு பிறக்கும். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*முயல் சிவப்பாகச் சிறுநீர் கழிக்கிறது. ரத்தமா?*

பெரும்பாலும் இல்லை. தழைகளில் உள்ள நிறமி அப்படி இறங்கும். தீனி மாற்றி இரண்டு நாளில் சரியாகிவிட்டால் கவலை இல்லை. திட்டுத் திட்டாக ரத்தக்கட்டி போல இருந்தாலோ, முக்கி முக்கிக் கழித்தாலோ காட்ட வேண்டும். மூன்று வயதைத் தாண்டிய, குட்டி ஈனாத பெட்டை என்றால் தாமதிக்காதீர்கள். அதற்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

*ஒற்றை முயல் ஏங்கிப்போகுமா? இன்னொன்று வாங்கலாமா?*

கூட்டமாக வாழும் பிராணிதான். ஆனால், கருத்தடை செய்யாத இரண்டு கடாவை ஒன்றாக விட்டால் விதையைக் கடித்துக் குதறிவிடும். கடாவும் பெட்டையுமாக விட்டால் 31 நாளில் குட்டி. கருத்தடை செய்தபின், பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் சில வாரம் பழக்கி, பிறகு சேர்க்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. கடைசி வரை புல் தின்னட்டும்.

*மருத்துவரிடம் எப்படிக் கொண்டுபோவது?*

வெயில் ஏறும் முன்போ, சாயங்காலமோ கிளம்புங்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில் அதன் வாசனையுள்ள பழைய சாக்கை விரித்து, மேலே துணி மூடி, ஒரு பிடி புல் போட்டு எடுத்துப் போங்கள். பைக் டேங்க்கின் மேல் வைத்தால் சூட்டிலேயே வெந்துவிடும். அன்றைய புழுக்கையை ஒரு தாளில் மடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது கழித்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எல்லா மருத்துவரும் முயல் பார்த்துப் பழகியிருக்க மாட்டார்கள். அதனால் முயல் நன்றாக இருக்கும்போதே, பக்கத்தில் யார் முயல் பார்க்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கோவைப் பகுதியில் இருப்பவர்கள் சரவணம்பட்டி மையத்தில் கேட்கலாம். நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.